கணக்கு ஏட்டைத் திறந்தவர்கள்: ராஜஸ்தானின் மக்கள் விசாரணைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

நல்லாட்சியைப் பற்றிய அறிக்கைகளில் குடிமைச் சமூகத்துக்கென்று ஒரு பகுதி தவறாமல் ஒதுக்கப்படுகிறது. மக்களிடம் விழிப்புணர்வை ஏற்படுத்துவது, அவர்களின் குறைகளை அரசின் காதுக்குக் கொண்டுபோவது, அரசு எட்டாத இடங்களில் சேவை செய்வது என்று அதன் பணிகள் அங்கே வரிசையாக எழுதப்படும். இவை பொய்யல்ல. ஆனால் ஓர் அரசு அலுவலகம் நேற்று நடந்துகொண்ட விதத்திலிருந்து இன்று மாறி நடந்துகொள்ள எது காரணமாகிறது என்ற கேள்விக்கு அந்த வரிசையில் விடை கிடைப்பதில்லை. அந்த விடையைத் தேடுவதற்கு இந்தியாவில் கிடைக்கும் மிகத் தெளிவான நிகழ்வு, ராஜஸ்தானின் நடுப்பகுதியில் 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், சுருக்கமாக எம்.கே.எஸ்.எஸ்., என்ற அமைப்பின் வரலாறு. கூலிக்காகத் தொடங்கிய ஓர் உள்ளூர்ப் போராட்டம் பதினைந்து ஆண்டுகளில் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்புலமானது எப்படி என்பதையும், அந்த வெற்றி எந்த இடத்தில் நின்றுபோனது என்பதையும் இந்த ஆய்வு பார்க்கிறது.

கூலியில் தொடங்கிய கேள்வி

இந்திய ஆட்சிப் பணியில் 1968இல் சேர்ந்து 1970களின் நடுவில் அதிலிருந்து விலகிய அருணா ராய், நிகில் டே, உள்ளூர்க் கலை வடிவங்களில் தேர்ந்த சங்கர் சிங் ஆகியோர் 1987இல் தேவ்டூங்ரி என்ற சிற்றூரில் குடியேறினர். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்த வட்டாரத்தின் ஏழைகளுக்கு வறட்சி நிவாரணப் பணிகளே பிழைப்பு. ஏரி, குளங்களைத் தூர்வாருவது, சாலை போடுவது, தடுப்பணை கட்டுவது போன்ற அந்தப் பணிகளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைப்பதில்லை என்பதே மக்கள் சொன்ன முதல் குறை.

சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. வறட்சி நிவாரணப் பணியாக இருந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுப்பது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1983இல், அதுவும் ராஜஸ்தான் அரசுக்கு எதிரான வழக்கிலேயே, தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு வந்து ஆண்டுகள் கடந்தும் பணியிடத்தில் கைக்கு வந்த தொகை மாறவில்லை. காரணத்தைக் கேட்டபோது அதிகாரிகள் சொன்ன பதில் ஒன்றுதான்: நீங்கள் முழு வேலை செய்யவில்லை, அளவீட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால் அது அரசு ஆவணம், ரகசியம் என்றார்கள். 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் அந்தப் பதிலுக்குத் துணை நின்றது.

1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் எம்.கே.எஸ்.எஸ். முறையாகத் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அது பழக்கமான வழிகளிலேயே சென்றது. உண்ணாவிரதம் இருந்தது, மனுக் கொடுத்தது, பேச்சுவார்த்தைக்குப் போனது. சில இடங்களில் கூலி கிடைத்தது, பல இடங்களில் வாக்குறுதி மட்டுமே கிடைத்தது. இந்த ஆண்டுகளின் உண்மையான பயன் வேறொன்று. கூலிப் பிரச்சினையின் அடியில் இருப்பது ஆவணப் பிரச்சினை என்பதைத் தொழிலாளர்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே கண்டுகொண்டார்கள். வேலை செய்தவரின் பெயர், நாள், அளவு, தொகை ஆகியவை எழுதப்பட்ட ஏடு யார் கையில் இருக்கிறதோ அவரே நடந்ததை முடிவு செய்பவராகிறார். பிற்காலத்தில் அறிவுலகம் ‘தகவல் உரிமை’ என்று விவாதித்த பொருள் இங்கே வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்ற மிக எளிய கோரிக்கையாகவே பிறந்தது.

மக்கள் விசாரணை நடந்த விதம்

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானா ஊராட்சியில் முதல் ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. அதே மாதத்தில் பீம், விஜய்புரா ஆகிய இடங்களிலும், 1995இன் முதல் மாதங்களில் ஜவாஜா, தானா ஆகிய இடங்களிலும் அடுத்தடுத்து விசாரணைகள் நடந்தன. ஆவணங்களைப் பெற எந்தச் சட்ட உரிமையும் இல்லாத காலம் அது. கோட் கிரானாவுக்கான ஆவணங்கள் இணக்கமான ஓர் அதிகாரியின் உதவியால் மட்டுமே கிடைத்தன.

விசாரணை நாளில் கூட்டம் கூடியதையும் ஒலிபெருக்கியில் குற்றச்சாட்டுகள் ஒலித்ததையும் மட்டும் பார்ப்பவர்கள் இதை ஒரு கண்டனக் கூட்டமாக நினைத்துக்கொள்ளக்கூடும். அதற்கு முந்தைய வாரங்களில் நடந்த வேலையே இந்த முறையின் உயிர். வருகைப் பதிவேடு, பொருள் வாங்கிய பில், வவுச்சர், அளவீட்டுப் புத்தகம், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றை வேலைவாரியாகப் பிரித்து, எளிய பேச்சு மொழியில் எழுதி, சிறு குழுக்கள் வீடு வீடாக எடுத்துச் சென்றன. பதிவேட்டில் பெயர் இருப்பவரிடம் அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருந்த நாள்களும் தொகையும் வாசித்துக் காட்டப்பட்டன. அந்த வேலைக்கே போகாதவர்கள் இருந்தார்கள், பிழைப்புக்காக வெளியூரில் இருந்தவர்கள் இருந்தார்கள், இறந்துபோனவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சிமென்ட் மூட்டைகளின் எண்ணிக்கை கட்டட வேலை தெரிந்தவரிடமும், கல் ஏற்றி வந்ததாக எழுதப்பட்ட நடைகள் வண்டிக்காரரிடமும் சரிபார்க்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அரசின் கணக்கைத் தணிக்கை செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு இதுவே நடைமுறையில் கிடைத்த பதில். தணிக்கையாளருக்குத் தாளில் உள்ள எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பது தெரியும். அந்த நாளில் அந்த இடத்தில் வேலை நடந்ததா என்பது அங்கே மண் சுமந்தவருக்குத்தான் தெரியும்.

விசாரணை நாளில் கட்சி சாராத வெளியாட்கள், அதாவது வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் போன்றோர், நடுவர் குழுவாக அமர்ந்தனர். சம்பந்தப்பட்ட அலுவலர்களும் ஊராட்சித் தலைவரும் அழைக்கப்பட்டனர், அவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் தரப்பட்டது. ஆவணம் வாசிக்கப்படும், அதில் குறிப்பிடப்பட்டவர் எழுந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்வார். கோட் கிரானாவில் முடிந்துவிட்டதாகக் கணக்கில் ஏறிய கட்டடம் அரைகுறையாகவே நின்றது. பீமில் பொருள் வழங்கியதாகப் பில்களில் இருந்த நிறுவனம் பெயரளவிலானது என்று தெரிய வந்தது. ஒவ்வொரு விசாரணையின் முடிவிலும் நான்கு கோரிக்கைகள் வைக்கப்பட்டன: ஊராட்சிச் செலவுகள் வெளிப்படையாக இருக்க வேண்டும், தவறு செய்த அலுவலர் பதில் சொல்ல வேண்டும், மக்களே செய்யும் தணிக்கைக்குச் சட்ட ஏற்பு வேண்டும், களவுபோன பணம் மீட்கப்பட்டு ஊருக்கே செலவிடப்பட வேண்டும்.

கிராமச் செயலர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். தங்களுக்கு மேலுள்ள அரசுத் தணிக்கைக்கு மட்டுமே கணக்குக் காட்டுவோம், கிராமத்தாருக்குக் காட்ட மாட்டோம் என்று அஜ்மேர் மாவட்டத்தில் வேலைநிறுத்தத்திலும் இறங்கினர். எதைப் பாதுகாக்கப் போராடுகிறார்கள் என்பதை அந்த வேலைநிறுத்தமே ஊருக்கு அறிவித்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

வாக்குறுதியிலிருந்து அரசிதழ் வரை

1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி எவரும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கடந்தும் அதற்கான ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் எம்.கே.எஸ்.எஸ். தர்ணாவைத் தொடங்கியது; அது நாற்பது நாள் நீடித்தது. சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சந்தை நகரமான பியாவரைத் தேர்ந்தெடுத்தது நல்ல திட்டமிடல். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, கடைக்காரர்களும் சந்தைத் தொழிலாளர்களும் உதவினார்கள். மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த காலமாதலால் எந்தக் கட்சியாலும் கேள்வியைக் காதில் வாங்காமல் கடந்துபோக முடியவில்லை. ‘ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்’, அதாவது எங்கள் பணம், எங்கள் கணக்கு என்ற முழக்கம் அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது.

தர்ணா தொடங்கிய வேளையில் அரசு ஓர் ஆணை வெளியிட்டது. ஆவணத்தைப் பார்வையிடலாம், கையால் குறிப்பெடுத்துக்கொள்ளலாம், ஆனால் நகல் கிடையாது என்றது அந்த ஆணை. அமைப்பு அதை ஏற்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வறட்டுப் பிடிவாதமாகப் பட்டிருக்கலாம். கையால் எழுதிய குறிப்பை ‘இது எங்கள் பதிவேட்டில் இல்லை’ என்று அலுவலகம் ஒரே வரியில் மறுத்துவிட முடியும். முத்திரையும் கையெழுத்தும் தெரியும் நகலை அப்படி மறுக்க முடியாது. இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுத்திருந்தால் மக்கள் விசாரணை என்ற முறையே பல்லில்லாமல் போயிருக்கும்.

1997இல் ஜெய்ப்பூரில் மீண்டும் ஒரு தர்ணா நடந்தது. அது 53 நாள் நீடித்தது. அதன் இறுதியில், ஜூலை மாதத்தில், ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமை சுமார் ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் அறிவிக்கப்பட்டுவிட்டதாகத் துணை முதலமைச்சர் தெரிவித்தார். தகவல் உரிமையைத் தரும் விதியே எவருக்கும் தெரிவிக்கப்படாமல் கிடந்தது என்பதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்த நிகழ்வுக்குக் கிடைக்காது. 2000ஆம் ஆண்டு ராஜஸ்தான் தனக்கெனத் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. இந்தியாவில் தகவல் உரிமைக்கென முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் ராஜஸ்தான் அல்ல, தமிழ்நாடு, ஆண்டு 1997. ஆனால் அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் மிகுதியாக இருந்தன. அதைப் பயன்படுத்தி ஊராட்சிக் கணக்கைக் கேட்கும் பழக்கமும் பரவவில்லை. சட்டம் மேலிருந்து வந்தது, அதைக் கையிலெடுத்துக் கேட்கும் கூட்டம் கீழே உருவாகியிருக்கவில்லை. ராஜஸ்தானில் முதலில் கேள்வி வந்தது, பிறகே சட்டம் வந்தது. சட்டம் வந்த அன்றே அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் அங்கே தயாராக இருந்தார்கள். குடிமைச் சமூகத்தின் பங்கு எது என்று கேட்டால் இந்த வரிசைமாற்றத்தையே நான் முதலில் சுட்டுவேன்.

தேசியச் சட்டமும் சமூகத் தணிக்கையும்

உள்ளூர்ப் போராட்டம் தேசியக் கோரிக்கையானதில் பலருக்குப் பங்குண்டு. 1995 அக்டோபரில் முசூரியிலுள்ள லால் பகதூர் சாஸ்திரி தேசிய நிர்வாக அகாடமியில் செயற்பாட்டாளர்களும் அதிகாரிகளும் கூடிச் சட்டத்தின் தேவையை விவாதித்தனர். பியாவர் தர்ணாவுக்குக் குல்தீப் நய்யார், நிகில் சக்ரவர்த்தி, பிரபாஷ் ஜோஷி போன்ற மூத்த பத்திரிகையாளர்கள் ஆதரவு தந்தனர். 1996இல் மக்கள் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சார அமைப்பு தொடங்கப்பட்டது, நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் ஒரு வரைவுச் சட்டத்தைத் தயாரித்தது. நாடாளுமன்றம் 2002இல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2004இல் ஆட்சி மாறி, அருணா ராய் உறுப்பினராக இருந்த தேசிய ஆலோசனைக் குழு அமைந்த பிறகுதான் வலுவான சட்டத்துக்கு வழி பிறந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

கூலித் தொழிலாளர்களின் அனுபவம் அந்தச் சட்டத்தின் நுணுக்கங்களில் தெரிகிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கான விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய் என்று வைக்கப்பட்டது. பதிலுக்கு 30 நாள் வரம்பும், உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலுக்கு 48 மணி நேர வரம்பும் விதிக்கப்பட்டன. தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரையிலான அபராதத்தைத் துறை அல்ல, பொறுப்பான அலுவலரே தம் கையிலிருந்து கட்ட வேண்டும். 2006இல் கோப்புக் குறிப்புகளை, அதாவது முடிவெடுக்கும்போது அதிகாரிகள் கோப்பில் எழுதும் கருத்துகளை, சட்டத்தின் வரம்பிலிருந்து நீக்க மத்திய அரசு முயன்றபோது எழுந்த எதிர்ப்பால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. சட்டம் வந்தவுடன் கலைந்துபோகாமல் அதைக் காவல் காக்கும் ஓர் அணி இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அதே 2005இல் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடம் கொடுத்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் மக்கள் விசாரணைக் கூடாரத்தின் கீழ் கேட்கப்பட்ட நான்கு கோரிக்கைகளில் மூன்றாவது இதுதான். ஆந்திரப் பிரதேசம் இதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. ராஜஸ்தான் அனுபவத்திலிருந்து கற்று, கிராம இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து, வீடு வீடாகச் சரிபார்த்து, மண்டல, அதாவது ஒன்றிய, அளவில் பொது விசாரணை நடத்தும் முறையை அது உருவாக்கியது. 2009இல் அதற்கெனத் தனிச் சங்கத்தையும் அமைத்தது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆலோசனையுடன் 2011இல் வந்த விதிகள், ஊராட்சிதோறும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் பணித்தன.

ஆனால் போராட்டம் பிறந்த ராஜஸ்தானிலேயே பாதை சீராக இல்லை. 2009இல் பில்வாரா மாவட்டத்தில் அரசும் இயக்கங்களும் சேர்ந்து பெரிய அளவில் சமூகத் தணிக்கை நடத்தின. அதைப் பிற மாவட்டங்களுக்குக் கொண்டுபோக முயன்றபோது ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் திரண்டு எதிர்த்து அதைத் தடுத்துவிட்டனர். வேறொரு மாநிலத்தில் அரசு விரும்பியதால் வேர்பிடித்த முறை, பிறந்த மண்ணில் அரசு தயங்கியதால் நின்றது.

எவை துணை நின்றன

இந்த நிகழ்வை எங்கும் அப்படியே நட்டுவிடலாம் என்று எண்ணுவது தவறாகும். ஆட்சிப் பணியின் உள்நடப்பை அறிந்த ஒருவர் அமைப்பின் மையத்தில் இருந்தார். அவருடைய முன்னாள் சகாக்கள் சிலர் அனுதாபத்தோடு கதவைத் திறந்தனர். டெல்லியின் பத்திரிகை உலகம் செவிசாய்த்தது. இவை எல்லா ஊர் அமைப்புகளுக்கும் வாய்ப்பவை அல்ல, இவற்றை மறைத்துவிட்டு மக்கள் சக்தியை மட்டும் புகழும் கட்டுரைகள் படிப்பவரை ஏமாற்றுகின்றன.

எனினும் மூன்று விஷயங்கள் அமைப்பே தெரிந்து எடுத்த முடிவுகள். வெளிநாட்டு நிதியோ திட்ட நிதியோ பெறாமல் தனிநபர் நன்கொடையில் நடந்தது. முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவுக்கே ஊதியம் பெற்றனர். கணக்குக் கேட்கும் அமைப்பு தன் கணக்கை முதலில் திறந்து வைத்ததால், ‘யார் பணத்தில் ஆடுகிறீர்கள்’ என்ற வழக்கமான தாக்குதல் எடுபடவில்லை. அடுத்து, அது கட்சியாகவில்லை, ஆனால் அரசியலிலிருந்து ஒதுங்கவும் இல்லை. அதன் உறுப்பினர்கள் ஊராட்சித் தேர்தலில் நின்றனர். விஜய்புராவில் அப்படி வென்ற தலைவரின் காலத்தில் ஊராட்சியின் வரவுசெலவு சுவர்களில் எழுதி வைக்கப்பட்டது. மூன்றாவதாக, ஊழலைப் பொதுவாகக் கண்டிப்பதில் நேரம் செலவிடாமல், குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட பில், குறிப்பிட்ட கையெழுத்து என்றே பேசியது. பொதுக் கண்டனத்துக்கு எல்லா அதிகாரியும் தலையாட்டிவிட்டுப் போகலாம், பில் எண்ணைச் சொல்லிக் கேட்டால் ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எட்டாத இடம்

1998 ஜனவரியில் குகர்கேடாவில் நடந்த விசாரணையில் ஊராட்சித் தலைவரே கூட்டத்தின் முன் ஒரு லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். இத்தகைய தருணங்கள் அரிதானவை. ஜனாவத் ஊராட்சியின் ஆவணங்களைப் பெறவே ஓராண்டுக்கு மேல் அலைய வேண்டியிருந்தது. 2001 ஏப்ரலில் அங்கே விசாரணை நடந்து, பின்னர் அரசு அமைத்த குழுவும் பெரிய மோசடியை உறுதி செய்தது. ஆனால் பெரும்பாலான இடங்களில் முறைகேடு வெளிப்படுவதற்கும் பணம் திரும்புவதற்கும் இடையே காவல் துறை, துறை விசாரணை, நீதிமன்றம் என்ற நீண்ட தூரம் இருந்தது. அந்தத் தூரத்தில் குடிமைச் சமூகத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. கையெழுத்திட்டவர் என்ற முறையில் ஊராட்சித் தலைவர் எளிதில் சிக்குவதும், அளந்து சான்றளித்த பொறியாளரும் மேலொப்பமிட்ட அதிகாரியும் தப்புவதும் இந்த முறைக்குள்ளேயே இருந்த ஒரு கோணல். இட ஒதுக்கீட்டால் முதன்முறையாகப் பதவிக்கு வந்த பெண்களும் தலித்துகளும் தலைவர்களாக இருந்த ஊர்களில் இது கூடுதல் கவனத்தைக் கோரிய விஷயம்.

தனியாகச் சென்று தகவல் கேட்டவர்களின் பாதுகாப்பும் இதே தூரத்தில்தான் விடப்பட்டது. மக்கள் விசாரணையில் ஊரே சேர்ந்து கேட்டது. சட்டம் வந்தபின் விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயரும் முகவரியும் இருந்தன. தகவல் கேட்டதற்காகப் பலர் தாக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014இல் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே விடப்பட்டது. சட்டத்தின் உள்ளிருந்தும் அரிப்புத் தொடங்கியது. 2019 திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொதுநலன் கருதித் தனிநபர் தகவலை வெளியிட இடமளித்த வாசகத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) என அறியப்படும் உட்பிரிவிலிருந்து நீக்க வழி செய்தது. பெயர்ப் பட்டியல் இல்லாத வருகைப் பதிவேட்டை எவராலும் சரிபார்க்க முடியாது என்பதால், இந்தத் திருத்தத்தைச் சமூகத் தணிக்கையில் ஈடுபட்டோர் மற்றெதையும்விடக் கடுமையாக எதிர்த்தனர்.

ராஜஸ்தான் இயக்கங்கள் இந்த இடைவெளியை முன்பே கண்டிருந்தன. தகவல் கிடைத்தும் தீர்வு கிடைக்காத நிலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று கேட்டு, 2015 டிசம்பரில் தொடங்கி மாநிலத்தின் அப்போதைய 33 மாவட்டங்களிலும் நூறு நாள் பொறுப்புடைமைப் பயணம் நடத்தின. ஒவ்வொரு புகாருக்கும் காலவரம்புக்குள் எழுத்துப்பூர்வமான பதில், அந்தப் பதிலைத் தரத் தவறிய அலுவலருக்கு அபராதம், புகார்களைக் கேட்கத் துறைக்கு வெளியே ஓர் அமைப்பு ஆகியவை அவர்கள் கேட்டவை. 2019 செப்டம்பரில் மாநில அரசு திட்ட விவரங்களை விண்ணப்பம் இல்லாமலே வெளியிடும் ‘ஜன் சூச்சனா’ இணையதளத்தைக் குடிமை அமைப்புகளின் ஒத்துழைப்போடு தொடங்கியது. பொறுப்புடைமைச் சட்டத்துக்கும் அதே அரசு உறுதியளித்திருந்தது. 2023 டிசம்பரில் அதன் ஆட்சிக்காலம் முடிந்தபோது இணையதளம் இயங்கிக்கொண்டிருந்தது, சட்டம் நிறைவேறியிருக்கவில்லை.